செருப்பை உள்ளுக்கை கொண்டு வாங்கோ

அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. ஏறக்குறைய இரண்டு வருடம் என் கழுத்தையும் தோளையும் அவள் கையில் ஒப்படைத்திருந்தவள் நான். பெயரைக் கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் அவளுடைய இலக்கத்தை ‘மில்’ என்று போட்டு வைத்திருந்தேன். யாராவது எடுத்துப் பார்த்தால் மிளகாய் திரிக்கிற இடம் என்று நினைக்கவேண்டும் என்பதற்காக. அவளை நாங்கள் எல்லோரும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதுப் பிள்ளை.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் அந்த மில் இருக்கிறது. மில்லுக்குப் பின்புறம் இரண்டு சின்ன அறைகள். இப்போது அங்கே கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அவள் இருந்த காலத்தில் முன்னறையில் ஒரு மேசையும் மாதா படமும், பின்னறையில் உயரமான ஒரு கட்டிலும் இருந்தன. பெண்களுக்கு மட்டும் உடம்பு பிடித்துவிடுகிற இடம். மசாஜ் என்று சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் கேட்கிறவர் முதலில் உங்களை மேலும் கீழும் பார்ப்பார், பிறகுதான் எந்த இடத்தில் என்று விசாரிப்பார். அவள் தொடக்கத்தில் அந்தச் சொல்லையே கொட்டை எழுத்தில் எழுதிப் பலகை மாட்டியிருக்கிறாள். ஒரு கிழமைக்குள் யாரோ அதில் கழிவெண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். பிறகு ‘பெண்கள் உடல்நல நிலையம்’ என்று மாற்றினாள். கடைசியில் அதையும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

“பலகை இல்லாட்டித்தான் அக்கா சனம் வருது,” என்றாள்.

நான் ஒரு பெண்கள் பாடசாலையில் உப அதிபர். கரும்பலகையில் எழுதி எழுதியோ, வயசோ, என் வலது தோள்மூட்டு ஒரு மாரி காலத்தில் இறுகிப்போனது. கை தோளுக்கு மேலே ஏறாது. பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். அது பரவாயில்லை, பிள்ளைகள் குனிந்து வாசித்தார்கள். தலைமயிரைக் கட்ட முடியாமல் போனதுதான் பெரிய அவமானம். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவர். காலையில் அவர்தான் எனக்குக் கொண்டை போட்டுவிட்டார், சீனிச் சாக்கின் வாயைக் கட்டுகிற மாதிரி. அந்தக் கொண்டையோடு பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று ஒழுங்காக உடுத்துவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னேன்.

டொக்டர் பயிற்சிகள் சொல்லித் தந்தார். பிடிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தால் மெதுவாகப் பிடித்துவிடச் சொல்லுங்கோ, தசை இளகினால் பயிற்சி செய்வது சுகம் என்றார். யார் அந்தத் தெரிந்த ஆட்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் மனையியல் ரீச்சர்தான் அலுமாரிக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னாள்.

“ஒரு கிலோ செத்தல் மிளகாய் எடுத்துக்கொண்டு போங்கோ.”

“மிளகாய் பூசுறதோ?”

“ஐயோ, இல்லை. மிளகாயை மில்லிலை குடுங்கோ. அது திரிபட நேரமெடுக்கும். அந்த நேரத்துக்குப் பின்னுக்குப் போயிட்டு வாங்கோ. வெளியிலை வரேக்கை கையிலை தூள் இருக்கும். ஆர் கேக்கப் போயினம்?”

இப்படித்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அங்கே போனார்கள். தோள் நோ, இடுப்பு நோ உள்ளவர்களின் வீடுகளில் தூள் மலிந்து கிடந்தது. நான் கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினேன், அயலுக்குக் கொடுத்தேன், அப்படியும் போத்தல்கள் நிரம்பின. என் கணவர் குசினித் தட்டைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கலியாண வீடு ஏதும் வருதோ?” என்று கேட்டார். தூள் விலை ஏறப்போகுதாம் என்றேன். ஏதோ வாயில் வந்த ஒரு பொய்.

முதல்நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன். அவள் எட்டிப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையே இதுதான்.

“செருப்பை உள்ளுக்கை கொண்டு வாங்கோ அக்கா.”

கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் பேசின் இருந்தது. அதற்குள் ஏற்கெனவே ஒரு சோடி கிடந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

“வெளியிலை கிடந்தா ஆற்றை செருப்பெண்டு சனம் பாக்கும்,” என்றாள். நாங்கள் யாரும் கேட்டு அவள் அதைச் செய்யவில்லை. எங்கள் வெட்கத்துக்கு என்னென்ன தேவைப்படும் என்று அவளே யோசித்து வைத்திருந்தாள்.

கட்டிலில் குப்புறப் படுத்த பிறகுதான் உள்பாவாடையில் கிழிசல் இருப்பது ஞாபகம் வந்தது. சட்டையில் ஊசி குத்தியிருந்ததும் ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் கூசியது. அவள் ஒன்றையும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய துவாயால் மூடிவிட்டு, பிடிக்கிற இடத்தை மட்டும் திறந்து, பிடித்து முடிந்ததும் உடனே மூடினாள். கற்பூர எண்ணெய் கலந்த நல்லெண்ணெய், இளஞ்சூடு. கூச்சத்தை மறைக்க ஏதாவது கதைக்கவேண்டும் போல இருந்தது. எங்கள் ஊரில் சாதியை அறிய எல்லோரும் கேட்கிற கேள்வி என் வாயிலும் வந்தது.

“பிள்ளை எவடம்?”

“மயிலிட்டி.”

நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பேசாமல் இருத்தலுக்கு என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“ஓம் அக்கா, கடற்கரைதான். ஏன், கை மணக்குதோ?” என்று கேட்டுச் சிரித்தாள். நல்லகாலம், என் முகம் துவாய்க்குள் இருந்தது.

உள்ளே அவள் வாயாடி. தொலைக்காட்சி நாடகத்தில் வருகிற மாமியாரைத் திட்டுவாள். நேற்றுப் பிடித்த இடுப்புக்காரி ஆரென்று சொல்லாமல், அவள் குறட்டை விட்ட விதத்தை நடித்துக் காட்டுவாள். ஆரோக்கியம் பற்றிப் பெரிய கதைகள் அவளிடம் இல்லை. “எலும்பு, நரம்பு எல்லாம் டொக்டர்மாரின்ரை பாடு. நான் இறுக்கத்தைத்தான் எடுப்பன். நோக் கூடினா என்னட்டை வராதேங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ,” என்பாள். ஆனால் அங்கே போய் வந்த இரவுகளில் நான் புரளாமல் நித்திரை கொண்டேன். பயிற்சியும் செய்யக்கூடியதாக வந்தது. கை கன்னம் வரை வந்தது, காது வரை வந்தது. ஒரு காலையில் கண்ணாடிக்கு முன்னால் நானே கொண்டை போட்டேன். என் கணவர் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாயம்?”

“ஆஸ்பத்திரித் தைலம்,” என்றேன்.

அவள் முன்பு தெற்கே ஒரு கடற்கரை ஹொட்டலில் வேலை செய்தவள். தொழிலைப் பழகியதும் அங்கேதான். அங்கே வந்து போன வெள்ளைக்காரப் பெண்கள் மணலில் கண்டாலும் கையைத் தூக்கிக் காட்டுவார்களாம், புருஷனைக் கூப்பிட்டு இவள்தான் என்று அறிமுகம் செய்வார்களாம். அதே பழக்கத்தில் சாவகச்சேரிச் சந்தையில் ஒருத்தியைக் கண்டு, “அக்கா, இப்ப இடுப்பு எப்பிடி?” என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் மாமியார் நின்றிருக்கிறா. அன்று பின்னேரமே அந்தப் பெண்ணின் கணவன் மில்லடிக்கு வந்து, தன் மனுசியை நடுச்சந்தையில் மானங்கெடுத்ததாகக் கத்திவிட்டுப் போனான்.

“அண்டையோடை விட்டிட்டன் அக்கா. றோட்டிலை எனக்கு ஒருதரையும் தெரியாது,” என்றாள். இதைச் சொல்லும்போது அவளுடைய பெருவிரல் என் தோளில் சற்று அழுத்தியது. கோபமோ, தொழிலோ, தெரியவில்லை.

அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. ஒருநாள் மீன் சந்தையில் நானும் அவளும் முழங்கை முட்ட நின்றோம். அவள் விளைமீனின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பை வழுகியது. அவளுடைய கை சட்டென்று நீண்டது, நீண்ட வேகத்திலேயே திரும்பி மீனுக்குப் போய்விட்டது. நான் பையை நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன்.

இன்னொரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ். நான் யன்னலோரம் இருந்தேன், எனக்குப் பக்கத்து ஆசனம் வெறுமை. அவள் நாவற்குழியில் ஏறினாள், கையில் ஒரு பெரிய பொதி. துவாய்களாக இருக்கவேண்டும். வேறு இடம் இல்லை. நான் அரக்கி இடம் விட்டேன். அவள் என்னைத் தாண்டி வெளியே ஏ ஒன்பது வீதியைப் பார்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி சாவகச்சேரி வரை நின்றே வந்தாள். எனக்குப் பின்னால் என் பாடசாலைப் பெற்றோர் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் இருக்காமல் நின்றபோது எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

பிறகு பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. எங்கேயோ ஒரு விடுதியில் மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடந்ததாம், பொலிஸ் புகுந்ததாம். ஆசிரியர் அறை முழுக்க அதுதான் கதை.

“உந்த மசாஜ் இடங்கள் எல்லாத்தையும் பூட்டவேணும்,” என்றாள் ஒருத்தி. யார் என்று நினைக்கிறீர்கள்? எனக்குச் செத்தல் மிளகாய் வழி சொன்ன அதே மனையியல் ரீச்சர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன்? ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

அதோடு மில்லடிப் பக்கம் போவதை விட்டேன். எல்லோரும் விட்டிருக்கிறார்கள். தோள் மெல்ல மெல்லத் திரும்ப இறுகியது. அவள் ஒருதடவைகூடத் தொலைபேசி எடுத்து ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எடுத்தால் என் கணவர் எடுத்துவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

சில மாதம் கழித்து, உண்மையாகவே அரிசிமா திரிக்க மில்லுக்குப் போனேன். வாசலுக்கு முன்னாலிருந்த மின்கம்பத்தில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு அம்மாவின் படம்.

“பின்னுக்கு இருக்கிற பிள்ளையின்ரை தாய்,” என்றாள் மில்காரி. “நாளைக்கு எடுக்கினம்.”

அறிவித்தலில் மகள்மார் என்று நான்கு பெயர்கள் இருந்தன. நான் மா வாளியை வைத்துக்கொண்டு அந்த நான்கையும் வாசித்தேன். திரும்ப வாசித்தேன். எதில் எங்கள் பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. மில்காரியிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

கணவரிடம், மில்லடியில் தெரிந்த ஒரு பிள்ளையின் தாய் செத்துப்போனா, மயிலிட்டிக்குப் போகவேணும் என்றேன். அவ்வளவு தூரமா என்று அவர் கேட்கவில்லை. மோட்டார்சைக்கிளைத் துடைத்து எடுத்தார்.

கடலுக்குக் கிட்டவாக, மீள்குடியேறிக் கட்டிய சின்ன வீடு. உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்றத்துக் கொட்டகையில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். நான் பெண்கள் பக்கம் போய்க் கதிரையில் அமர்ந்து நிமிர்ந்தால், எதிரே மனையியல் ரீச்சர். அவளுக்குப் பக்கத்தில் நீதிமன்றத்தில் வேலை செய்கிற ஒரு பெண், அதற்கு அடுத்ததாகப் புடவைக் கடைக்காரரின் மனைவி. சாவகச்சேரியின் தோளும் இடுப்பும் வரிசையாக இருந்தன. ஒருவரை ஒருவர் கண்டு திடுக்கிட்டோம்.

செத்தவவின் தங்கச்சி, வயதான மனுசி, எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா.

“நீங்கள் எல்லாம் எவடத்துப் பிள்ளையள்? எங்கடை பிள்ளையை எப்பிடிப் பழக்கம்?”

“மில்லிலை கண்டு பழக்கம்,” என்றாள் மனையியல் ரீச்சர்.

“எனக்கும் மில்தான்,” என்றாள் புடவைக் கடைக்காரரின் மனைவி.

“நானும் மில்லடியிலைதான்,” என்றேன்.

அந்த மனுசியின் முகம் சுருங்கியது. “மில்லோ? ஆஸ்பத்திரியிலை வேலை எண்டெல்லோ தாய்க்குச் சொல்லி வைச்சவள்?”

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களிடம் ஒரு பொய் இருந்தது போல அவளிடமும் ஒன்று இருந்திருக்கிறது. எங்களுடைய பொய் அவளுடையதைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

செபம் முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி. அந்த மனுசி எங்களுக்கு முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கக் கேட்டா.

“இஞ்சை பிள்ளை, இவையெல்லாம் மில்லெண்டு சொல்லினம். நீ ஆஸ்பத்திரி எண்டெல்லோ சொன்னனீ? அக்கா சாகிற மட்டும் ஊரெல்லாம் சொல்லிப் புழுகிக்கொண்டு திரிஞ்சவ.”

அவளுடைய சகோதரிகள் மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எங்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராக. இந்தப் பிள்ளை எங்களுக்கு உடம்பு பிடித்துச் சுகப்படுத்தினவள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். பாடசாலை மண்டபத்தில் ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வாங்கு வரை கேட்கப் பேசுகிறவள் நான். மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலைதான் சித்தி மில்,” என்றாள் அவள். “இவை அங்கை வந்து போறவை. கண்டிருக்கிறன். ஆரெண்டு வடிவாத் தெரியாது.”

அவ்வளவுதான். தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டும் அவளுக்கு எங்களைத் தெரியாது. நாங்கள் தப்பிவிட்டோம்.

செத்த வீட்டுக்குப் போகிற பெண்கள் கட்டிப்பிடித்து அழுவது எங்கள் வழக்கம். என் முறை வந்ததும் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு வருடத்தில் நான் அவளைத் தொட்டது அதுதான் முதல்தடவை. நான்தான் பெரிதாக அழுதேன். அவளுடைய கை என் முதுகைச் சுற்றி வந்து, வலது தோளில், வழமையான அந்த இடத்தில் நின்றது. பெருவிரல் அழுத்தியது.

“இறுகிப்போய்க் கிடக்குது,” என்று என் காதுக்குள் சொன்னாள். “ஏன் அக்கா வரேல்லை?”

திரும்பி வரும்போது அச்சுவேலி தாண்டும் வரை கணவர் வேகமாக ஓட்டினார். பிறகு அவர் வேகத்தைக் குறைத்தார்.

“தூள் திரிக்கப் போற ஆளிலை கற்பூர எண்ணெய் மணக்குமோ?”

நான் பின்னால் இருந்தபடி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினேன்.

“எனக்கு முதலே தெரியும். உமக்குக் கை உயர்ந்ததே, எனக்கு அது காணும். அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்றி சொல்லுவமெண்டுதான் நானும் கதவடி மட்டும் வந்தனான். நீர் ஆரோ மாதிரி நிண்டீர். பிறகு நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது?”

யாருக்குத் தெரியக்கூடாது என்று இவ்வளவு மிளகாய் திரித்தேனோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து செத்த வீட்டு முழுக்குப் போட்டேன். வாளி வாளியாக அள்ளி ஊற்றியும் நெஞ்சுக்குள் இருந்தது போகவில்லை.

முப்பத்தோராம் நாள் கழிந்து அவள் திரும்பவும் அறையைத் திறந்தாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். செத்தல் மிளகாய் கொண்டுபோகவில்லை. வெறுங்கை. என் செருப்பு அகலமான மண்ணிறப் பட்டி வைத்தது, பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். அதை வாசற்படியில், ஒழுங்கையைப் பார்க்க வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டிலில் துவாயை விரித்தாள்.

துவாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். “பிள்ளை, உம்மடை பேர் என்ன?”

கை ஒரு கணம் நின்றது. “நோட்டீசிலை நாலு கிடந்ததெல்லோ அக்கா. அதிலை ஒண்டு.”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் மறுபடி கேட்கவில்லை. மயிலிட்டியில் நான் நின்ற நிலையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் அதற்கு இடமே வைக்காமல் நாடகத்து மாமியாரைத் திட்டத் தொடங்கினாள். இடையில் சுடுதண்ணீர் எடுக்க வெளியே போய்வந்தாள்.

அதுதான் கடைசித்தடவை. அடுத்த மாதம், செத்த வீட்டுக்கு இத்தாலியிலிருந்து வந்துபோன தமக்கையிடம் போய்விட்டாள் என்று மில்காரி சொன்னாள். அந்தக் கடைசி நாள் நான் உடுத்திக்கொண்டு முன்னறைக்கு வந்தபோது, என் செருப்பு கதவுக்குப் பின்னால் பேசினுக்குள் கிடந்தது. மேசையில் மில்லிலிருந்து வாங்கி வந்த ஒரு பை மிளகாய்த்தூள், சூடு ஆறாமல்.

“வெறுங்கையோடை போகாதேங்கோ அக்கா,” என்றாள். “சனம் பாக்கும்.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.